ஒன்பது பேரும் மனாசேயும்

முட்டியளவு தண்ணீருக்குள் போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை என்பது மனாசேக்கு உறைத்தது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், கடலுக்குள் கண்ணாடியோடு இறங்கியிருக்கிறான். நல்ல வேளை, பார்க்க ஆளில்லை. ராயபுரம் கரையில் இரண்டு மீனவர்கள் வலையைப் பரப்பிப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இவனைப் பார்க்க நேரமில்லை. திரும்பி நடந்து, மணலில் மடித்து வைத்திருந்த சட்டைமேல் கண்ணாடியை வைத்து, காற்றடித்தால் போய்விடுமே என்று அதன்மேல் செருப்பை வைத்து, யாராவது கண்ணாடிமேல் செருப்பை வைப்பார்களா என்று தன்னையே திட்டி, கடைசியில் செருப்புக்குள் கண்ணாடியைச் செருகிவிட்டு மறுபடி இறங்கினான். இப்போது கடல் வெறும் சாம்பல் நிறக் கலங்கலாகத் தெரிந்தது. அதுவும் நல்லதுதான், சரியாகத் தெரியாத கடலில் இறங்குவது சுலபம். வியாழக்கிழமை, மணி இரண்டரை இருக்கும். நாலு மணிக்கு ஒபதியாவின் வீட்டில் இருக்க வேண்டும். அதற்குள் மூன்று முறை தலை முங்க வேண்டும், வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை மாற்ற வேண்டும், பிறகு பவழக்காரத் தெருவில் இருநூறு அடி நடந்து, ஒபதியாவின் மனைவி ரிவ்காவின் உடம்புக்குள் இருந்துகொண்டு பேசுகிற ஒரு செத்துப்போன மனுஷனின் முன்னால் போய் நிற்க வேண்டும். நினைத்ததும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது. திப்புக் என்பார்கள், ஒட்டிக்கொண்ட ஆவி. அறைக்குள் வருகிறவன் மறைத்து வைத்திருக்கும் பாவத்தை ஊரறியச் சொல்லிவிடும். ஆனால் மனசார வருந்தி முங்கி எழுந்தவனைப் பார்த்தால் அதற்குச் சுவரைப் பார்த்த மாதிரிதான் இருக்கும், சொல்ல ஒன்றும் கிடைக்காது. அதனால் காலையிலிருந்து பட்டணத்தில் இருக்கிற யூதர்கள் ஒவ்வொருவராக இந்தக் கடலுக்கு வந்து போனார்களாம். யார் யார் எதைக் கழுவினார்களோ. பாவத்தைக் கழுவலாம், சரி. பிறப்பைக் கழுவ முடியுமா? அது ஒன்றுதான் மனாசேயின் கேள்வி. அதைக் கேட்கத்தான் அவனுக்கு உலகத்தில் ஆளில்லை.

மத்தியானம் ஒபதியா கடைக்கு வந்தபோது மனாசே ஒரு தாசில்தாரின் அகல மூக்குக்குப் பிரேமை வளைத்துக்கொண்டிருந்தான். ஒபதியாவின் முகத்தைப் பார்த்ததும் தாசில்தாரே எழுந்து வெளியே போய் வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். "மனாசேண்ணே, ஒன்பது பேர் வரேன்னு சொல்லிட்டாங்க. நீங்க வந்தாதான் பத்து, ஆவிய ஓட்ட முடியும்." மனாசே பிரேமைக் கீழே வைத்தான். "ரிவ்கா ஏதாச்சும் சாப்ட்டாளா?" "நாலு நாளாச்சுண்ணே. ஒரு வாய் கஞ்சி எறங்கல. தண்ணி குடுத்தா துப்புது. அது துப்புதா, அவ துப்புறாளா, அதுகூடத் தெரியல எனக்கு." "இன்னும் அதே குரல்தானா?" "ஹெஸ்கேல் பெரியவரேதான். அந்தப் பாக்தாத்து இழுவை, நடுவுல அந்த இருமல். நேத்து நிசிம் வந்தான் பாருங்க, கதவத் தாண்டல, 'மிலிட்டரி ஓட்டல்ல எறா வறுவல் நல்லாருந்துதா'ன்னு கேட்டுச்சு. அவன் அப்படியே திரும்பிட்டான்." சிரிப்பு வந்தது மனாசேக்கு, சிரிக்கிற நேரமா என்று அடக்கிக்கொண்டான். யூதனுக்கு விலக்கான இறாலைத் தின்றவன் நிசிம், நண்டு தின்றவர்கள் எத்தனை பேரோ. ஒபதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "உங்களுக்கு என்னண்ணே பயம். நீங்க சுத்தமான ஆளு. மொதல்ல உங்களத்தான் கேட்டிருக்கணும்." சுத்தமான ஆள். பிரேமை எடுத்து வளைக்கப் போய் அது பட்டென்று ஒடிந்தது. தாசில்தாரிடம் புதுப் பிரேம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். வர முடியாது என்று ஒபதியாவிடம் எப்படிச் சொல்வது? தன் மனைவி நவோமிக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது நாற்பது நாள் இந்த ரிவ்காதான் கஞ்சித் தூக்கோடு மாடிப்படி ஏறினாள். நாற்பத்தோராவது நாளும் வந்தாள், 'இன்னிக்குப் பழக்கத்துல வந்துட்டேண்ணே' என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு இப்போது கஞ்சி இறங்கவில்லை.

இடுப்பளவு தண்ணீர். ஒரு அலை வந்து நெஞ்சில் மோதிவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது. ஹெஸ்கேல் பெரியவர் ஏன் போகவில்லை? செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ரிவ்கா ஏதோ ஒரு நாள் ஆசி சொல்லாமல் தண்ணீர் குடித்திருப்பாள், அந்த வழியாக நுழைந்துவிட்டது என்று ஹக்காம் பின்ஹாஸ் சொல்கிறார். ஹக்காம் என்றால் தொழுகை நடத்துகிறவர், படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நுழைந்த வழியை அவர் சொல்லிவிட்டார். நுழைகிற நிலைமை ஏன் வந்தது என்பது மனாசேக்குத் தெரியும். ஹெஸ்கேலுக்கு இங்கே பிள்ளை குட்டி கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது. கப்பலில் வந்து, பேரீச்சம்பழம் விற்று, ஆஸ்பத்திரியில் செத்தார். அடக்கத்தன்று நல்ல மழை. குழியைச் சுற்றி ஒன்பது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். செத்தவனுக்குச் சொல்லும் கடிஷ் பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும், ஒன்பது பேர் எவ்வளவு உருகிச் சொன்னாலும் அது செல்லாது. அப்போது மனாசே சேற்றில் செருப்பு வழுக்க ஓடிவந்தான். அத்தனை பேர் முகத்திலும் வந்த அந்த வெளிச்சம்! ஒருத்தன் வந்ததற்காக ஒன்பது பேர் அப்படிச் சந்தோஷப்பட்டு அவன் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆளை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது, கண்பட்டுவிடும் என்பதால் பத்துச் சொல் உள்ள ஒரு பிரார்த்தனை வரியைச் சொல்லி ஆளுக்கு ஒரு சொல்லாகக் கொடுத்துக்கொண்டே வருவார் ஹக்காம். கடைசிச் சொல் மனாசேக்கு வந்தது. வரி முடிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். கடிஷ் சொன்னார்கள், மண்ணைத் தள்ளினார்கள், வீட்டுக்குப் போய்ச் சூடாகக் காப்பி குடித்தார்கள். மனாசேயும் இரண்டு டம்ளர் குடித்தான். அங்கே நின்றது ஒன்பது பேர்தான் என்று அவனுக்கு மட்டும் தெரியும், அன்றைக்கே தெரியும். பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷன் எங்கே எங்கே அலைந்தாரோ. கல்லில் தங்கும், செடியில் தங்கும், மாட்டுக்குள் தங்கும் என்பார்கள். பால்காரனின் எருமை ஒன்று கடை வாசலில் நின்று இவனையே முறைத்துப் பார்க்கும், இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் பார்த்தது, அதைப் பார்க்கப் பயந்து அவன் ஷட்டரைப் பாதி இறக்குவான். எருமைக்குப் பயந்த கடைக்காரன் என்று தெருவில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அம்மா அதைச் சொன்ன நாளில் வெயில் சுட்டெரித்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகி எட்டு மாசம். அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விசிறியால் வீசிக்கொண்டிருந்தவனை 'வீசாதே, கேளு' என்றாள். 'நான் கொச்சிக்காரி இல்லடா. ராஹேல்ங்கிறது உங்கப்பா வச்ச பேரு. நான் பழவேற்காடு. எம்பேரு பாக்கியம்.' அவ்வளவுதான். அப்பா ஏதோ சரக்கு எடுக்கப் பழவேற்காட்டுக்குப் போனவர் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார், கொச்சியில் யூதப் பெண் எடுத்தேன் என்று பட்டணத்தில் சொன்னார், கொச்சிக்குப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? யூதப் பெண் வயிற்றில் பிறந்தவன்தான் யூதன். அப்பா யாராக இருந்தாலும் அது கணக்கில்லை. அப்படியானால் எட்டாம் நாள் அவனுக்குச் செய்த சுன்னத்து, பதின்மூன்றாம் வயதில் வேதச் சுருளின் முன் நின்று நடுங்கிப் படித்தது, நவோமியின் விரலில் போட்ட மோதிரம், எல்லாம் என்ன? அம்மாவிடம் கேட்டான், 'இத்தன நாள் ஏன் சொல்லல?' 'சொன்னா உன்னை எங்க வைப்பாங்க?' அவள் யாரைவிடக் குறைவாக அனுசரித்தாள்? வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விளக்கேற்றிவிட வேண்டுமே என்று நாலு மணிக்கே பரபரப்பாள், பாலும் கறியும் ஒரே பாத்திரத்தில் படக் கூடாது என்று இரண்டு அடுப்படிச் சாமான் வைத்துக்கொண்டு ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருப்பாள், ஓய்வுநாளான சபாத்தில் தலைமுடிகூட வாரமாட்டாள். ஹக்காமின் மனைவியே சந்தேகம் வந்தால் அவளிடம் வந்துதான் கேட்பாள். பயத்தில் அனுசரித்தாளா, பிடித்து அனுசரித்தாளா? இரண்டும்தான் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் வேறு மாதிரித் தோன்றும். மகள் லேயாவுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் நவோமியின் வயிற்றில் பிறந்தவள், அசல் யூதப் பெண். வீட்டில் வெளியாள் அவன் ஒருத்தன்தான். முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிற வெளியாள். பாக்கியம் என்கிற பேரை அவன் அதன்பிறகு வாய்விட்டு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தூக்கத்தில் சொல்லிவிடுவோமோ என்று கொஞ்ச காலம் வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தான். பல்வலி என்று நவோமியிடம் சொன்னான், அவள் கிராம்பு எண்ணெய் வாங்கி வந்தாள்.

முங்கினான். உப்பு மூக்கில் ஏறியது. தண்ணீருக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது, அங்கே யாரும் யாரையும் எண்ணுவதில்லை. எழுந்தான். முங்கித்தானே யூதனாக மாறுகிறார்கள், வெளியிலிருந்து வருகிறவர்கள்? மூன்று சாட்சி நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கரையில் இரண்டு மீனவர்கள், ஒரு நாய். நாயைச் சேர்த்தால் மூன்று. இந்த நேரத்திலும் இப்படி யோசிக்கிற புத்தியை என்ன செய்வது. இரண்டாவது முறை முங்கினான். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒன்பது பேர்தான் நிற்பார்கள், பிரார்த்தனை நடக்காது, நாளை வெள்ளி, பொழுது சாய்ந்தால் சபாத், சபாத்தில் ஆவி ஓட்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த உடம்பு தாங்குமா? போகலாம், போய் நிற்கலாம், அது கத்தும்: இவன் யாரடா இங்கே என்று. அத்தோடு எல்லாம் போயிற்று. நவோமிக்குத் தாலி அறுந்த மாதிரிதான், கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது, அம்மாவின் கல்லறையை என்ன செய்வார்கள், அதை யோசிக்கவே கூடாது. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அது கத்தாமலே இருந்தால்? அவனைச் சுவராகவே பார்த்துவிட்டால்? ஹக்காம் எண்ணுவார், வரி முடியும், எல்லோரும் மூச்சு விடுவார்கள், ஒன்பது பேரின் பிரார்த்தனை மேலே ஓரடிகூட ஏறாது, ரிவ்கா கண்முன்னே தேய்ந்து போவாள், ஹெஸ்கேல் மறுபடி எருமைக்குள் போவார், இவன் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பான். மூன்றாவது முறை முங்கினபோது வேட்டி காலில் சுற்றிக்கொண்டது, ஒரு கணம் அடி கிடைக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் அவனுக்குப் போய்ச்சேர்ந்துவிட்டால் நல்லது என்று தோன்றவில்லை. கண்ணாடி செருப்புக்குள் இருக்கிறதே, நாய் தூக்கிக்கொண்டு போய்விடுமே என்றுதான் தோன்றியது. அதை நினைத்துக் கரைக்கு வருகிற வழியெல்லாம் வெட்கப்பட்டான்.

வீட்டில் நவோமி வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருந்தாள். "தலைய நல்லாத் தொடைங்க, உப்புத் தண்ணி." அவளே துண்டை வாங்கித் துடைத்தாள். முதுகு, பிடரி, காதுக்குப் பின்னால். "நவோமி." "ம்." "ஒண்ணு சொன்னா..." "வந்து சொல்லுங்க. நேரமாச்சு, பாவம் ரிவ்கா." பொத்தானைப் போட்டுவிட்டாள். மேல் பொத்தானைப் போடும்போது அவள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வாள், கல்யாணமான புதிதில் பார்த்தது, இன்னும் அப்படித்தான். இவளை விட்டு எங்கே போவது? இவள் போகச் சொன்னால் போகத்தானே வேண்டும். தெருவில் இறங்கினான். வண்டிக்காரர்கள், மிளகாய் மூட்டை நெடி, தும்மல். இருநூறு அடி இன்றைக்கு என்னவோ சீக்கிரமே முடிந்துவிட்டது.

அறையில் ஒரு ஜன்னலை மட்டும் ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தார்கள், ஆவி போகிற வழிக்கு. கட்டிலில் ரிவ்கா சுவரோடு சாய்ந்திருந்தாள், அவளா என்று கேட்கிற மாதிரி. சுற்றிலும் அவன் கண்ணாடி மாட்டிவிட்ட முகங்கள். நிசிம், இடது கண் மட்டம். கடிகாரம் பழுது பார்க்கிற சாலோம், இரண்டு கண்ணும் மட்டம். துறைமுகத்தில் நிற்கிற கப்பலிலிருந்து கூட்டிவந்த இரண்டு மாலுமிகள், கண்ணாடி வேண்டாத வயசு. ஹக்காம் பின்ஹாஸ் வரியைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் பக்கமும் தலையசைத்து வந்தார். மனாசேயிடம் வந்தபோது வரி முடிந்தது. "பத்து இருக்கோம்," என்றார். ரிவ்காவின் உதடு பிரிந்தது. அந்த இழுவை, அந்த இருமல். "பின்ஹாஸ். தப்பா எண்ணிட்ட. ஒன்பதுதான்." "பத்து எண்ணினேன், ஹெஸ்கேல்." "ஒருத்தன் கெடையாது. அவனுக்கே தெரியும்." கண்ணை மூடிக்கொண்டது. சொல்லு, இப்போது சொல்லு என்று மனாசேக்கு உள்ளே ஒன்று சொன்னது. வாய் திறப்பதற்குள் நிசிம் எழுந்துவிட்டான். "நான்தாங்க அது. எறா விஷயம் இல்ல. மிஷன்ல பேர் குடுத்துட்டேன். ஞானஸ்நானம்னு கையெழுத்துப் போட்டேன், புள்ளைக்கு வேலை போட்டுத் தரேன்னாங்க. நான் போறேன், வேற ஆளப் பாருங்க." "நீ உக்காரு நிசிம்," என்றார் சாலோம், அவர் குரல் மெதுவாகத்தான் வந்தது. "அது என்னத்தான் சொல்லுது. என் பையன் போனதிலேர்ந்து நான் வாய மட்டும்தான் அசைக்கிறேன். பதினாறு வருஷமா மேல யாரும் இருக்கறதா எனக்குத் தோணல." மனாசேக்கு முதலில் வந்தது சந்தோஷம், அதைச் சொல்லத்தான் வேண்டும். இடம் நிரம்பிவிட்டது. ஒருத்தன் குறைகிற இடத்தில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். இனிமேல் அவன் சாகும்வரை யாருக்கும் சந்தேகம் வராது, அம்மாவின் கல்லறை அப்படியே இருக்கும், மேல் பொத்தானை நவோமி போட்டுவிடுவாள். நிசிம் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர், செருப்பு தெரியவில்லை அவனுக்கு, ஒவ்வொன்றாகக் காலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிசிம், நில்லு," என்றான் மனாசே. "நீ இல்ல. சாலோம் மாமாவும் இல்ல. எங்கம்மா கொச்சி கெடையாது. ராஹேல் கெடையாது. பழவேற்காடு. அவங்க பேரு பாக்கியம்." அவன் ஒபதியாவைப் பார்த்தான். "ஹெஸ்கேல் பெரியவரை அடக்கம் பண்ணப்போ நாங்க ஒன்பது பேருதான் இருந்தோம், ஒபதியா. அதனாலதான் அவர் இங்க வந்து கெடக்குறாரு. என்னாலதான்." ஒபதியா எழுந்து வந்து மனாசேயின் கையைப் பிடித்துக்கொண்டான். ஹக்காம் பின்ஹாஸ் புத்தகத்தைப் பார்த்தார், ஆவி ஓட்ட ஊதுவதற்குக் கொண்டுவந்த ஆட்டுக்கொம்பைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அவரை மனாசே அன்றைக்குத்தான் பார்த்தான். பிறகு அவர் புத்தகத்தை மூடினார். "பத்துப் பேர் பிரார்த்தனை இன்னிக்கு நடக்காது," என்றார். "ஒருத்தனாவே சொல்றது ஒண்ணு இருக்கு, முடியாதவங்களுக்குச் சொல்றது. அதுல அப்பா பேர் கெடையாது. இன்ன அம்மாவோட புள்ளன்னு சொல்லணும். யாரும் வெளிய போக வேணாம். இங்க எல்லாருக்குமே முடியலதான்." கட்டிலருகே போய்க் குனிந்தார். "ஹெஸ்கேல், உனக்கு யாரும் இல்ல இங்க, உங்கம்மா பேர் எங்க யாருக்கும் தெரியாது. நீதான் சொல்லணும்." பிறகு அந்தக் குரல் வந்தது, இருமல் இல்லாமல், சின்னதாக. "ஃபர்ஹா." ஹக்காம் கையை உயர்த்தி, ஃபர்ஹாவின் மகன் ஹெஸ்கேலுக்கு என்று ஆரம்பித்துச் சொன்னார். பிறகு ரிவ்காவுக்குச் சொன்னார், அவள் அம்மா பேரோடு. நிசிமுக்கும் சாலோமுக்கும் சொன்னார். சாலோம் வாயை மட்டும் அசைத்தார். ஒபதியா கரண்டியில் தண்ணீர் எடுத்து ரிவ்காவின் உதட்டில் வைத்தான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது. "அண்ணனுக்குச் சொல்லுங்க," என்றாள் ரிவ்கா, அவளுடைய குரலில், கண்ணைத் திறக்காமல்.

ஹக்காம் அவன் பக்கம் திரும்பினார். கிழவருக்கும் கண்ணாடி நனைந்திருந்தது. அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது தெரிந்தது, அவருடைய பாஷையில் அந்தப் பேருக்கு இடமில்லை, நாக்கு கொஞ்சம் சிரமப்பட்டது. பிறகு கையை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "மனாசே, பாக்கியத்தோட மகன்." நிறுத்தினார். "சரியாச் சொன்னேனா?"

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான் மனாசே.